ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3: முதல் கியரும் ரிவர்ஸும் கரகரங்குது. பாக்ஸைப் பிரிச்சே ஆகணுமா?

#1 மதுரை_மார்க்3

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட வண்டி, 1970 மாடல் ஹெரால்டு, மார்க் 3, நாலு கதவு, 948 சிசி. ரொம்ப வருஷமா ஷெட்டில் நின்னதை வெளியே எடுத்து பிரேக், வயரிங், கார்பரேட்டர் எல்லாம் முடிச்சு ரோட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். இப்போ கியர்தான் தலைவலி.

வண்டி நிற்கும்போது முதல் கியர் போட்டா கர்ர்னு பல் உரசுற சத்தம். ரிவர்ஸ் இன்னும் மோசம், லிவர் அதிர்ற அதிர்ச்சி தோள் வரைக்கும் ஏறுது. ஓடும்போது மூணுலேருந்து ரெண்டுக்கு இறக்கினா ஒரு சின்ன உரசல். மூணும் நாலும் சுத்தமா விழுது. காலையில எடுக்கும்போது பரவாயில்ல. கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டுறதுக்குள்ள வண்டி சூடாகி ரிவர்ஸ் தொடவே முடியல.

இங்க ஒரு பட்டறையில பார்த்துட்டு "பல்லு தேஞ்சு போச்சு, பாக்ஸைப் பிரிச்சு கியர் செட் மாத்தணும்"னு சொல்றாங்க. சொன்ன தொகையைக் கேட்டு அம்மா வண்டியை வித்துடலாம்னு சொல்றாங்க. எனக்கு மனசு வரல. பிரிக்கிறதுக்கு முன்னாடி வேற எதையாவது பார்க்கணுமா?

#2 பத்மினி_திருச்சி

ப்ரோ, கியர் பல் உரசுதுன்னா கியர் பாக்ஸ்ல கோளாறுன்னுதானே அர்த்தம்? ஐம்பது வருஷத்துக்கு மேல ஆன பாக்ஸ். என்னோட பத்மினியில நேரா பிரிச்சு ரெண்டாவது கியர் சிங்க்ரோ ரிங் (பல் கோர்க்கிறதுக்கு முன்னாடி வேகத்தைச் சமமாக்குற வளையம்) போட்டோம், சரியாயிடுச்சு. எப்படியும் ஒருநாள் பிரிக்கத்தான் போறீங்க. தள்ளிப்போட்டா நல்லா இருக்கிற பல்லும் போயிடும்.

#3 வண்டலூர்_பழையவர்

மதுரைத் தம்பிக்கு: நான் வண்டலூர் ஸ்டாண்டர்டு பேக்டரியில அசெம்ப்ளி லைன்ல இருந்தவன். இந்த பாக்ஸ் என் கை பழகினது. தயவுசெஞ்சு இப்போ பிரிக்காதீங்க.

நீங்க எழுதினதுலயே பாதி விடை இருக்கு. ஹெரால்டு பாக்ஸில் ரெண்டு, மூணு, நாலுக்குத்தான் சிங்க்ரோ. முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் கிடையாது. உங்களுக்கு மோசமா இருக்கிறது எது? அந்த ரெண்டும்தான். கிளட்ச்சை மிதிச்சா இன்புட் ஷாஃப்ட், அதாவது இன்ஜினோட சுழற்சியை பாக்ஸுக்குள்ள கொண்டு வர்ற தண்டு, சுத்துறது நிக்கணும். அது நிக்காம மெல்ல சுத்திக்கிட்டே இருந்தா, சிங்க்ரோ இருக்கிற கியரில் ரிங் அதைப் பிடிச்சு வேகத்தைச் சரிக்கட்டிடும், நமக்குத் தெரியாது. சிங்க்ரோ இல்லாத ரெண்டிலும் நேரா பல்லோட பல் மோதும். அதனால என் சந்தேகம் கிளட்ச் முழுசா விடலங்கிறதுதான்.

சூடானா மோசமாகுதுன்னு சொன்னதும் இதுக்குப் பொருந்துது. குளிர்ந்த கியர் ஆயில் கூழ் மாதிரி கெட்டியா இருக்கும், உள்ளே சுத்துற சக்கரங்களை அதுவே இழுத்து நிறுத்திடும். சூடேறி ஆயில் இளகினதும் அந்தப் பிடி போயிடும், கிளட்ச்சோட குறை வெளியே வரும். பல்லே தேஞ்சிருந்தா காலையிலும் சாயங்காலமும் ஒரே மாதிரிதான் உரசும்.

இதை வரிசையா செஞ்சு பார்த்துச் சொல்லுங்க. முதல்ல இன்ஜினை அணைச்சு வச்சு எல்லா கியரையும் போட்டுப் பாருங்க. வழுக்கிட்டு விழுந்தா லிவர், செலக்டர் பக்கம் குறை இல்ல. அடுத்து வண்டி நல்லா சூடானதும் நியூட்ரலில் ஐடில்ல விட்டு, கிளட்ச்சை அடி வரைக்கும் மிதிச்சு, அஞ்சாறு எண்ணுற வரைக்கும் காத்திருந்து அப்புறம் ரிவர்ஸ் போடுங்க. மிதிச்ச உடனே போட்டா உரசி, காத்திருந்து போட்டா உரசலன்னா அது இந்த பாக்ஸோட இயல்பு. காத்திருந்தும் உரசினா கிளட்ச் இழுக்குது. மூணாவதா, பெடலை நாலஞ்சு தடவை வேகமா பம்ப் பண்ணிட்டுப் போட்டுப் பாருங்க. அதுல சத்தம் குறைஞ்சா ஒண்ணு கிளட்ச் ஆயில் லைனில் காத்து இருக்கு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் (பெடல் பக்கம் ஆயிலைத் தள்ளுறது) சீல் போயிருக்கு.

கடைசியா ஒருத்தரை பெடலை மிதிக்கச் சொல்லி, கீழே ஸ்லேவ் சிலிண்டரோட (அந்த ஆயில் அழுத்தத்துல கிளட்ச்சை இயக்குறது) புஷ் ராட் எவ்வளவு தூரம் நகருதுன்னு ஸ்கேல் வச்சு அளங்க. அரை இன்ச்சாவது வரணும்.

ரெண்டாவது கியர் உரசலை இதோட சேர்க்காதீங்க. அது வேற கதையா இருக்கலாம்.

#4 கோவை_லேத்

பழையவர் ஐயா சொன்னதோட ஒண்ணு. ஸ்லேவை அளக்கும்போது பெடல் பக்கமும் தலையை உள்ளே விட்டுப் பாருங்க. பெடலையும் மாஸ்டர் சிலிண்டர் புஷ் ராடையும் கோர்க்கிற கிளெவிஸ் பின் பாதியா தேஞ்சிருக்கும், பெடலில் இருக்கிற ஓட்டை முட்டை வடிவமா ஆகியிருக்கும். பெடல் கொஞ்ச தூரம் சும்மா இறங்கி அப்புறம்தான் ராடைத் தள்ளும். அந்தச் சும்மா போற தூரம் முழுக்க கிளட்ச்சுக்கு நஷ்டம். என்கிட்ட வர்ற ஹெரால்டுகளில் இந்தப் பின் சரியா இருக்கிற வண்டியைப் பார்க்கிறது அபூர்வம்.

பின்னை மட்டும் மாத்தினா போதாது. ஓட்டையை ரீமர் பண்ணி (வட்டமா சீராக்கி) புஷ், அதாவது உள்வளையம், போடணும். கிளட்ச் ரப்பர் ஹோஸ் எத்தனை வருஷத்துதுன்னும் பாருங்க. பழைய ஹோஸ் அழுத்தத்தில் உப்பும், தள்ளுற ஆயில் அங்கேயே தங்கிடும்.

#5 மதுரை_மார்க்3

ஐயா, நீங்க சொன்ன மாதிரியே பார்த்தேன். இன்ஜின் அணைச்சா எல்லா கியரும் வெண்ணெயா விழுது. சூடான பிறகு காத்திருந்து போட்டாலும் ரிவர்ஸ் உரசுது. பம்ப் பண்ணினா கொஞ்சம் குறையுது, முழுசா போகல. ஸ்லேவ் ராட் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர்தான் நகருது, அரை இன்ச்னா 12 மில்லிக்கு மேல வரணும்.

லேத் அண்ணே, பின்னைக் கழட்டிப் படம் எடுத்தேன். நடுவுல பள்ளம் விழுந்து இடுப்பு ஒடுங்கிப் போய் இருக்கு.

#6 ஸ்ரீரங்கம்_கெசல்

தம்பி, என்கிட்ட 1974 ஸ்டாண்டர்டு கெசல் கார் இருக்கு, பாக்ஸ் உங்களுடைய குடும்பம்தான். ரெண்டாவது கியர் உரசலுக்கு ஒரு கேள்வி: பாக்ஸில் என்ன ஆயில் இருக்கு?

#7 மதுரை_மார்க்3

அக்கா, பட்டறையில மாத்தினாங்க. கேட்டதுக்கு "90 நம்பர்"னு சொன்னாங்க. டிஃபரென்ஷியலுக்கும் அதே டின்னிலிருந்துதான் ஊத்தினாங்க.

#8 ஸ்ரீரங்கம்_கெசல்

அங்கதான் எனக்குச் சந்தேகம். 90ங்கிறது கெட்டித்தன்மையை மட்டும் சொல்லுது. டின்னில் தரக் குறியீடு ஜிஎல்-4னு போட்டிருக்கா, ஜிஎல்-5னு போட்டிருக்கான்னு பார்க்கணும். டிஃபரென்ஷியலில் இருக்கிறது ஹைபாய்டு பல், ஒண்ணு மேல ஒண்ணு சறுக்கிக்கிட்டே அழுத்தும், அதுக்கு ஜிஎல்-5 சரி. கியர் பாக்ஸில் சிங்க்ரோ ரிங் பித்தளைக் கலவை. ஜிஎல்-5ல அழுத்தம் தாங்கறதுக்காகச் சேர்க்கிற கந்தக, பாஸ்பரஸ் சரக்கு கிட்டத்தட்ட இரட்டிப்பு. அந்தச் சரக்குல சில வகை பித்தளையை நாளடைவில் அரிக்கும்.

அதைவிட உடனே தெரியிற விஷயம், ரிங் கோனை (கியரோட கூம்பு முகத்தை) பிடிக்கிறது உராய்வால்தான். ஆயில் அளவுக்கு மேல வழுக்கினா ரிங் நல்லா இருந்தும் பிடிக்காது. வேகம் சமமாகிறதுக்கு முன்னாடியே ஸ்லீவ் (கியரைப் பூட்டுற வளையம்) உள்ளே நுழையும், நீங்க கேட்கிற அந்தச் சின்ன உரசல் வரும். சில பேர் சத்தம் அடங்கும்னு 140 ஊத்துறாங்க, அதுவும் வேண்டாம். காலையில கியரே விழாது.

வடிச்சிட்டு 90 ஜிஎல்-4 ஊத்துங்க. ஒரு லிட்டருக்கும் குறைவாதான் பிடிக்கும், பக்கவாட்டு பிளக்கில் வழியிற வரைக்கும். வடிச்ச ஆயிலை வீணாக்காதீங்க. வெள்ளைத் துணியில வடிகட்டி வெயிலில் பாருங்க. மெல்லிசா பொன் தூள் மாதிரி மின்னினா ரிங் தேயுது, இந்த வயசு வண்டியில அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். காந்தத்தில் ஒட்டுற சில்லு, ஊசி மாதிரி துண்டு வந்தா பல்லோ பேரிங்கோ உடையுது, அப்போ உடனே நிறுத்துங்க.

#9 யாழ்_மைனர்

வணக்கம். யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். என்னட்ட இருக்கிறது மொறிஸ் மைனர் 1000. இதிலயும் முதல் கியருக்கு சிங்க்ரோ இல்லை, அதால உங்கட பிரச்சினை எனக்கு நல்லா விளங்குது. எங்கட காருக்கு கிளச் ஹைட்ரோலிக் இல்லை, கம்பித் தொடுப்புத்தான். அதில ஒவ்வொரு மூட்டிலயும் தேய்மானம் சேர்ந்து கடைசியில கிளச் விடாமல் போகும். லேத் அண்ணை சொன்ன கணக்குத்தான்.

நான் சொல்ல வந்தது பைலட் புஷ் பற்றி. கிராங்கின்ர பின்பக்கத்தில ஒரு சின்ன வெண்கல புஷ் இருக்கும், கியர்பொக்ஸ் ஷாஃப்டின்ர நுனி அதுக்குள்ளதான் நிக்கும். கார் கனகாலம் ஓடாமல் நிண்டால் அது காய்ஞ்சு ஷாஃப்டை இறுக்கிப் பிடிக்கும். அப்ப கிளச் வடிவா விட்டாலும் இன்ஜின் அந்த நுனி வழியா ஷாஃப்டைச் சுத்திக்கொண்டே இருக்கும். எங்களுக்கு யுத்த காலத்தில பெற்றோலும் இல்லை, பாட்ஸும் வராது. காரை மண்ணெண்ணெயில ஓடின காலம். புஷ்ஷை இங்கயே லேத்தில கடைஞ்சு போட்டவை. வெறும் பித்தளையில கடைஞ்சது கனநாள் நிக்கேல்லை, சூட்டில இறுகிப் போச்சு. ஒயிலை உறிஞ்சி வைச்சிருக்கிற வெண்கலப் புஷ்தான் சரி. அதையும் பூட்ட முதல் ஒரு இரவு ஒயிலுக்குள்ள ஊற விடுங்கோ.

மற்றது, திருத்தி முடியுமட்டும் ஓடுறதெண்டால் டபுள் கிளச் பண்ணி ஓடுங்கோ. மூண்டில இருந்து ரெண்டுக்கு இறக்கேக்க நியூட்ரலில கிளச்சை விட்டு, கொஞ்சம் எக்சிலேற்றர் குடுத்து, திரும்ப மிதிச்சுப் போடுங்கோ. அப்பிடிப் போட்டால் உரசல் இல்லையெண்டால் ரெண்டாம் கியர்ப் பல்லில பிழை இல்லை, ரிங்கிலதான் அல்லது ஒயிலிலதான். அது ஒரு சோதனையும் கூட.

#10 மதுரை_மார்க்3

பெடலுக்கு புஷ் போட்டு, புது பின், புது ஹோஸ், மாஸ்டர் சீல் கிட் எல்லாம் மாத்தி ஏர் எடுத்தாச்சு. ஸ்லேவ் ராட் இப்போ அரை இன்ச்சுக்கு மேலயே நகருது. ஆயிலும் அக்கா சொன்னபடி மாத்தினேன். காந்தத்தில் சில்லு எதுவும் இல்ல, பொன் தூள் கொஞ்சம் இருந்துச்சு.

ரெண்டாவது கியர் உரசல் பாதிக்கு மேல குறைஞ்சிருச்சு. டபுள் கிளட்ச் பண்ணினா சுத்தமா இல்ல. முதல் கியர் நல்லாவே மாறியிருக்கு. ஆனா நல்லா சூடான பிறகு ரிவர்ஸ் இன்னும் உரசுது, முன்னை மாதிரி இல்ல, ஆனா இருக்கு.

#11 பத்மினி_திருச்சி

இப்போவாவது பாக்ஸைப் பார்க்கலாமே ப்ரோ? ஹைட்ராலிக் எல்லாம் புதுசு. மிச்சம் இருக்கிறது அதுதானே.

#12 வண்டலூர்_பழையவர்

திருச்சித் தம்பி, இல்ல. ஸ்லேவ் ராடுக்கும் கிளட்ச் பிளேட்டுக்கும் நடுவுல இன்னும் பாதை இருக்கு. அதுக்கும் முன்னாடி, இந்த இன்ஜின் வச்சிருக்கிறவங்க எல்லாரும் பார்க்கவேண்டிய ஒண்ணு இருக்கு. கிராங்க் த்ரஸ்ட் வாஷர்.

கிளட்ச்சை மிதிக்கும்போது அந்த அழுத்தம் முழுக்க கிராங்க்ஷாஃப்டை முன்னாடி தள்ளுது. அதைத் தடுக்கிறது பின் மெயின் பேரிங் பக்கத்துல இருக்கிற ரெண்டு அரைவட்ட வாஷர்தான். சிக்னலில் கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே நின்னா அதுதான் தேயும். தேஞ்சா கிராங்க் முன்னாடி போகும், பிளைவீலும் கூடப் போகும், ரிலீஸ் பேரிங் அதைத் துரத்திக்கிட்டுப் போகணும். பிளேட் விடுபடக் கிடைக்கிற இடைவெளியே கொஞ்சம்தான், அதுல இது ஒரு பங்கைத் தின்னுடும்.

கியரை விடுங்க, இதுல பெரிய ஆபத்து வேற. ரொம்ப தேஞ்சா வாஷர் கழண்டு சம்ப்பில், அதாவது இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டியில், விழும். அப்புறம் கிராங்க் நேரா பிளாக்கையே உரசும். அப்படிப் போன பிளாக்குகளை நான் பார்த்திருக்கேன், மனசு கஷ்டப்படும்.

பார்க்கிறது சுலபம். பானட்டைத் திறந்தா ஹெரால்டில் முன்பக்கம் மொத்தமும் வெளியே வந்துடும், இடைஞ்சலே இல்ல. இன்ஜினை அணைச்சிட்டு ஒருத்தரை கிளட்ச்சை மிதிச்சு விடச் சொல்லுங்க. முன்னாடி கிராங்க் புல்லியைக் கவனிங்க. கண்ணுக்குத் தெரியிற மாதிரி முன்னும் பின்னும் போனா ஓட்டக்கூடாது. டயல் கேஜ் கிடைச்சா வச்சு அளங்க, 0.004 இன்ச்சிலிருந்து 0.008 இன்ச்சுக்குள்ள இருக்கணும்.

#13 மதுரை_மார்க்3

ஐயா, போகுது. கண்ணாலேயே தெரியுது. பக்கத்துல ஒரு லேத்தில் டயல் கேஜ் வாங்கி வச்சுப் பார்த்தேன், 0.020 இன்ச்சைத் தாண்டுது. வண்டியை நிறுத்திட்டேன்.

இதுக்கு இன்ஜினை இறக்கணுமா?

#14 கோவை_லேத்

இறக்க வேண்டாம். சம்ப்பைக் கழட்டி, பின் மெயின் கேப்பை எடுத்தா அரைவட்ட வாஷர் ரெண்டும் கிராங்க்கைச் சுத்தி வழுக்கிட்டு வெளியே வரும். வாஷரில் ஒரு முகத்துல ஆயில் போறதுக்குக் காடி வெட்டியிருக்கும். காடி உள்ள முகம் கிராங்க் பக்கம் பார்க்கணும். திருப்பிப் போட்டா இரும்பு முதுகு கிராங்க்கை அரைக்கும், சீக்கிரமே மறுபடி இதே இடத்துக்கு வந்து நிற்பீங்க.

கழட்டினதும் கிராங்க் முகத்தை விரலால் தடவிப் பாருங்க. வரி விழாம வழவழன்னு இருந்தா புது வாஷர் போதும். ஸ்டாண்டர்டு சைஸ் போட்டும் ஆட்டம் அதிகமா இருந்தா ஓவர்சைஸ் வாஷர் கிடைக்கும். சென்னை புதுப்பேட்டையில தேடுங்க, இல்லன்னா பிரிட்டனில் ட்ரையம்ப் ஹெரால்டு பாகம் விற்கிறவங்ககிட்ட தபாலில் வரும்.

#15 மதுரை_மார்க்3

வாஷர் மாத்தியாச்சு. பழையதில் ஒண்ணு கிட்டத்தட்ட தகடு மாதிரி மெலிஞ்சிருந்தது, இன்னும் கொஞ்ச நாளில் விழுந்திருக்கும். கிராங்க் முகம் நல்லா இருந்தது. இப்போ கேஜில் 0.006 காட்டுது. வண்டலூர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. கியர் சத்தத்தைக் கேட்க வந்த இடத்துல இன்ஜின் பிழைச்சிருக்கு.

முதல் கியர் இப்போ சுத்தம். ரிவர்ஸ் மட்டும் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு லேசா.

#16 யாழ்_மைனர்

அப்ப பைலட் புஷ்தான் தம்பி. இல்லாட்டி பிளேட் ஷாஃப்டில துருப்பிடிச்சு ஓடாமல் நிக்குது. நிண்ட காருக்கு ரெண்டும் சேர்ந்தே வாறது. ரெண்டுக்கும் கியர்பொக்ஸை இறக்கத்தான் வேணும்.

#17 வண்டலூர்_பழையவர்

யாழ் தம்பி சொல்றது சரி. இப்போ இறக்கலாம். ஆனா இறக்கிறது வேற, பிரிக்கிறது வேற. பட்டறையில ரெண்டையும் ஒண்ணா பேசுவாங்க, பில்லும் ஒண்ணா வரும்.

ஹெரால்டில் பாக்ஸ் கார் உள்பக்கமா வெளியே வரும், குழியில இறங்க வேண்டாம். முன் சீட் ரெண்டையும் எடுங்க, நடுவுல இருக்கிற டனல் கவரைக் கழட்டுங்க. அது அழுத்தின அட்டை, ஐம்பது வருஷத்துல பொடிஞ்சு போயிருக்கும், மெதுவா. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்லேவ், ஸ்டார்ட்டர், பின் மவுண்டிங், பெல் ஹவுசிங் போல்ட். சம்ப்புக்குக் கீழே பலகை வச்சு ஜாக்கியால் இன்ஜினைத் தாங்குங்க. பாக்ஸை நேரா பின்னாடி இழுங்க, ஷாஃப்ட் நுனி வெளியே வர்ற வரைக்கும் அதோட எடை பிளேட் மேல தொங்கக்கூடாது, பிளேட்டோட நடு வளைஞ்சிடும்.

வெளியே வந்ததும் மேல் மூடியை மட்டும் கழட்டி உள்ளே டார்ச் அடிச்சுப் பாருங்க. முதல் கியரோட பல் ரெண்டாவது கியர் ஸ்லீவோட வெளிப்பக்கத்துலயே வெட்டியிருக்கும், ரிவர்ஸும் அதே பல்லில்தான் வந்து சேரும். அந்த ஒரு பாகத்தோட பல் முனைகளைப் படம் எடுத்துப் போடுங்க. ஓரம் மழுங்கியிருந்தா கவலை இல்ல. முனை உடைஞ்சு பள்ளம் விழுந்திருந்தாதான் பிரிக்கிற பேச்சு.

#18 மதுரை_மார்க்3

படம் போட்டிருக்கேன். பைலட் புஷ் எலும்பா காஞ்சு போயிருந்தது. ஷாஃப்ட் நுனியில் நீலம் பாரிச்ச வளையம். பிளேட் ஷாஃப்டில் கோர்க்கிற ஸ்ப்லைன் காடியில் துரு, கையால் தள்ளினாக்கூட நகரல. புது புஷ்ஷை ராத்திரி முழுக்க ஆயிலில் ஊற வச்சுப் போட்டேன். நுனியை ஐநூறு எமரியில் மெருகேத்தினேன், லேத்தில் வச்சுப் பார்த்ததுல வளைவு இல்ல. ஸ்ப்லைனைச் சுத்தம் பண்ணி கிரீஸ் லேசா தடவினேன்.

முதல் கியர் பல் முனை கொஞ்சம் மழுங்கல், உடைசல் இல்ல. மூடியைப் பழையபடி மூடிட்டேன். பாக்ஸைப் பிரிக்கல.

நேத்து மேலூர் வரைக்கும் போய்ட்டு வந்தேன், நல்ல வெயில். ரிவர்ஸ் விழுந்த சத்தமே கேட்கல. ரெண்டாவது கியர்ல அவசரமா இறக்கினா மட்டும் லேசா உரசுது.

#19 ஸ்ரீரங்கம்_கெசல்

ரொம்ப சந்தோஷம் தம்பி. ரெண்டாவது ரிங் தேஞ்சிருக்குன்னு அந்தப் பொன் தூளே சொல்லிடுச்சு. அவசரம் இல்ல. டபுள் கிளட்ச் கையில் இருக்கு, ரிங் வாங்கி வச்சுக்கோங்க. பின்னாடி எப்போவாவது பிரிக்க நேர்ந்தா, ரிங்கைக் கோனில் கையால் அழுத்தி, கியரோட நாய்ப்பல்லுக்கும் (ஸ்லீவ் வந்து கோர்க்கிற சின்னப் பல்) ரிங்குக்கும் நடுவுல ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க. அரை மில்லிமீட்டர்கூட இல்லன்னா மாத்தணும்.

#20 பத்மினி_திருச்சி

வாழ்த்துகள் ப்ரோ. இதைப் படிச்சிட்டு என் வண்டி மேல ஒரு கேள்வி, வண்டலூர் ஐயாவுக்கு. கியர் போடும்போது உரசல் இல்ல. ஆனா ஓடும்போது ஒண்ணு, ரெண்டு, மூணுல ஒரு அரைக்கிற சத்தம் வருது, நாலாவதுல நின்னுடுது. இதுவும் கிளட்ச்சா?

#21 வண்டலூர்_பழையவர்

இல்ல தம்பி, இது பாக்ஸ்தான். நாலாவது கியர் நேர் இணைப்பு, இன்ஜினோட இழுப்பு லே ஷாஃப்ட் (பாக்ஸுக்குள்ள இருக்கிற துணைத் தண்டு) வழியா போகாது. மத்த மூணுலயும் அது வழியாத்தான் போகணும். மூணுலயும் கத்தி நாலுல அடங்குதுன்னா லே ஷாஃப்ட் பேரிங்கை முதல்ல சந்தேகப்படணும். நியூட்ரலில் நிறுத்தி கிளட்ச்சை மிதிச்சு விட்டுப் பாருங்க. மிதிச்சா நின்னு, விட்டதும் வந்தா அந்தச் சந்தேகம் இன்னும் பலமாகும், கூடவே இன்புட் பேரிங்கையும் சேர்த்துக்கணும்.

ஆயிலை இந்த வாரமே வடிச்சு காந்தத்தை உள்ளே விடுங்க. சில்லு வந்தா வண்டியை எடுக்காதீங்க, படத்தோட புது இழை போடுங்க, அங்கே பேசலாம்.